பெட்டியும் மந்தரமும்

மாலைப் பொழுதில் வானொலியில் இசைக் கச்சேரி ஒன்று நடைபெறுகிறது. பாடகர் ஓய்ந்திருக்க, மிருதங்க வித்துவான் தனியாவர்த்தனத்தைத் தொடங்குகிறார். வலந்தலையிலிருந்து பிறக்கும் சொற்கட்டுகள் மணிமணியாகக் கூடத்தை நிறைக்கின்றன. ஆனால் இடப்புறத்துத் தொப்பியிலிருந்து எழவேண்டிய கும்கி மட்டும் வந்து சேரவில்லை. வித்துவான் இரண்டு கைகளாலும் வாசிக்கிறார். வீட்டில் இருப்பவரின் செவிக்கோ ஒரு கைதான் எட்டுகிறது.

குற்றம் வித்துவானிடத்தில் இல்லை, ஒலிபரப்பிலும் இல்லை. மேசைமேல் இருக்கும் சின்னஞ்சிறு ஒலிபெருக்கிப் பெட்டியில் இருக்கிறது. முன்னாளில் கூடத்தின் நடுவே வீற்றிருந்த வால்வு வானொலி, அகன்ற மரக்கூட்டை உடையதாயிருந்தது. இன்றோ கைத்தொலைபேசியோடும் கணினியோடும் இணைத்துக் கேட்பதற்கென, மின்பெருக்கியைத் தன்னுள்ளேயே கொண்ட சிறிய ஒலிபெருக்கிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பேச்சு அவற்றில் தெளிவாகவே கேட்கும். இளைஞர் ‘பேஸ்’ என்றும் இசைவாணர் மந்தர ஸ்தாயி என்றும் வழங்கும் அடித்தளத்து ஒலிதான் மெலிந்துவிடுகிறது. இக்குறை தீர விலையுயர்ந்த வேறொன்றை வாங்குவதே வழி என்று பலர் எண்ணுகின்றனர். அது முற்றிலும் உண்மையன்று. சில மரத்துண்டுகள், சிறிது பஞ்சு, கொஞ்சம் பசை, இவற்றுக்கெல்லாம் மேலாகப் பொறுமை ஆகியன இருந்தால், அப்பெட்டி வீணாக்கும் ஒலியில் ஒரு பங்கையாவது மீட்டுக்கொள்ளலாம்.

மனிதச் செவி, செக்கனுக்கு ஏறத்தாழ 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கவல்லது. ஆண்மகன் ஒருவரின் பேச்சுக்குரல் செக்கனுக்கு 100 அதிர்வுகளை ஒட்டி அமைகிறது. மேனாட்டு இசைக்குழுவிலுள்ள பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 அதிர்வுகளில் ஒலிக்கிறது. சிறிய ஒலிபெருக்கிகள் பல, 100ஐ அணுகும்போதே தளரத் தொடங்கிவிடுகின்றன. அப்படியாயின் அவற்றில் ஆண்குரல் எவ்வாறு ஆண்குரலாகவே கேட்கிறது என்று ஒருவர் வினவலாம். ஒவ்வோர் இசையொலியும் தன் அடிப்படை அதிர்வோடு, அதன் இருமடங்கு, மும்மடங்கு என மேலொலிகளையும் உடன்கொண்டு வருகிறது. அடிப்படை காணாமற் போனாலும், மேலொலிகளின் ஒழுங்கைக் கொண்டு செவியும் மூளையுமாகச் சேர்ந்து சுருதியை ஊகித்துக்கொள்கின்றன. எனவே சுருதி விளங்குகிறது. கனம் மட்டும் விளங்குவதில்லை. வீட்டின் நிழல் தெரிகிறது, ஆனால் அத்திவாரம் இல்லை என்பது போன்றது அது.

இனி, பெட்டி எதற்காக என்பதைக் காண்போர்க்கு அதன் குறைகளும் தாமே விளங்கும். ஒலிபெருக்கியின் உயிர்நிலை அதன் கூம்பு ஆகும். காந்தத்தின் இடையே தொங்கும் கம்பிச்சுருள் அக்கூம்பை முன்னும் பின்னும் அசைக்கிறது. 1925ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த றைஸ், கெலொக் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியே இன்று வழங்கும் இவ்வகைக் கருவிக்கு வழி வகுத்தது. கூம்பு முன்னே நகரும்போது முன்புறத்து வளி நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்புறத்து வளி தளர்கிறது. 50 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீற்றர் ஆகும். அத்துணை நீண்ட அலைக்கு ஒரு சாண் அகலமுள்ள கூம்பு தடையாகுமா? முன்னே நெருங்கிய வளி பக்கவாட்டால் பின்னே வழிந்து, ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. கூம்பைப் பெட்டியினின்று கழற்றிக் கையிற் பிடித்துக் கேட்டவர்கள், அதன் ஒலி எவ்வளவு மெலிந்து போகிறதென்பதை அறிவர். ஆகவே முன்னொலியையும் பின்னொலியையும் பிரித்து வைப்பதே பெட்டியின் முதற் கடமை.

அவ்வாறு அடைக்கப்பட்ட பின்னொலியைப் பயன்படுத்த முடியாதா என்னும் வினா அடுத்து எழுந்தது. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் அது ஒரு குறிப்பிட்ட சுருதியில் முழங்குவதைச் சிறுவரும் அறிவர். போத்தலின் வயிற்றிலுள்ள வளி வில்லைப் போலவும், கழுத்திலுள்ள வளி பாரத்தைப் போலவும் இயங்குகின்றன. இதன் கணக்கை 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த துராஸ் என்பவர், பெட்டியில் ஒரு துவாரம் அமைத்துப் பின்னொலியை அவ்வழியே முன்னொலியோடு ஒத்திசையச் செய்யும் முறைக்கு 1930இல் விண்ணப்பித்து, 1932இல் காப்புரிமை பெற்றார். இன்றைய மலிவுப் பெட்டிகள் பலவற்றில் வட்டமாகத் தெரியும் குழாய்த்துளை அந்த முறையின் வழிவந்ததே. 1954இல் வில்ச்சர் என்னும் அமெரிக்கர், முற்றிலும் அடைத்த சிறு பெட்டியின் வளியையே வில்லாகக் கொண்டு ஆழ்ந்த ஒலியை எழுப்பிக் காட்டினார். துவாரமுள்ள பெட்டிகளை ஊகத்தால் அன்றிக் கணக்கால் அமைக்கும் முறையை, 1961இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் என்னும் பொறியியலாளர் வகுத்துத் தந்தார்.

இவ்வறிஞர்கள் கண்ட உண்மைகளுள் தலையாயது ஒன்றுண்டு. சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தரம், குறைந்த மின்வலுவிலும் உரத்த ஒலி ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற இயலாது. ஹொஃப்மன் என்னும் அமெரிக்கரின் பெயரால் இதனை ‘இரும்பு விதி’ என்பர். இரண்டை விரும்பினால் மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். இதற்கான காரணமும் எளிதே. ஒரே அளவு உரப்புடன் ஒரு ஸ்தாயி கீழிறங்க வேண்டுமாயின், கூம்பு முன்னிலும் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். இரண்டு ஸ்தாயி இறங்கினால் பதினாறு மடங்கு. சில மில்லிமீற்றருக்கு மேல் அசைய இயலாத சிறு கூம்பிடம் கோயில் முரசத்தின் முழக்கத்தை எதிர்பார்ப்பது, சிறு பிள்ளையிடம் நெல்மூட்டையைத் தூக்கக் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஆகவே இங்கு கூறப்படும் திருத்தங்கள் இயற்கையின் விதியை மீறுவன அல்ல. உற்பத்திச் செலவைக் குறைக்கும் பொருட்டுக் கைவிடப்பட்டதைத் திரும்பச் செய்வனவே.

முதலாவது திருத்தத்துக்கு ஆயுதமே வேண்டியதில்லை. ஒலிபெருக்கி இருக்கும் இடத்தை மாற்றுவதே அது. அறையின் நடுவே இருக்கும் பெட்டியின் மந்தர ஒலி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. சுவரை ஒட்டி வைத்தால் அச்சிதறல் பாதியாகக் குறைந்து, கேட்பவர் பக்கம் திரும்புகிறது. மூலையில் வைத்தால் இன்னும் மிகும். ஆனால் அளவுக்கு மீறிய முழக்கமும் உண்டாகலாம். துளை பின்புறத்தில் இருக்குமாயின், அது மூச்சுவிடச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கையளவு இடைவெளி வேண்டும். மெல்லிய பலகை மேசையின்மீது வைத்தால் மேசையும் சேர்ந்து பாடும். பாரமான முக்காலியோ, துணியால் மூடிய செங்கல்லோ அதனினும் மேலானது. இவ்வொன்றினாலேயே மனம் நிறைந்து, திருகாணி முடுக்கியைக் கையில் எடுக்காமலே நின்றுவிடுவோரும் உண்டு.

பெட்டியைத் திறக்க முற்படுவோர் ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. இத்தகைய ஒலிபெருக்கிகளின் உள்ளே வீட்டு மின்சாரம், அதாவது இலங்கையில் 230 வோல்ற்று, நேராக வந்து சேர்கிறது. ஆளியை அணைத்தல் போதாது. செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிய பின்னரும் மின்னைத் தேக்கிவைக்கும் உறுப்புகளில் சிறிது நேரம் மின்னேற்றம் தங்கியிருக்கும். அவற்றைத் தொடலாகாது. இணைப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒன்றிலேயே மின்மாற்றியும் மின்பெருக்கியும் இருக்கும். மற்றையது வெறும் கூம்பும் கம்பியுமே. அந்த இரண்டாவது பெட்டியில் வேலையைத் தொடங்குவது நன்று. அதில் உயிருக்கு ஆபத்தில்லை. திருத்திய பெட்டியைத் திருத்தாத பெட்டியோடு அருகருகே வைத்து ஒப்பிடவும் முடிகிறது. கூம்பைக் கழற்றும்போது, திருகாணி முடுக்கியைக் காந்தம் சடுதியில் இழுத்துக் கடதாசிக் கூம்பைக் கிழித்துவிடுவதுண்டு. ஆதலின் மறுகையால் கூம்பை மறைத்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது திருத்தம் வளிக்கசிவை அடைத்தல். பலகைகள் சேரும் மூலை, கூம்பின் விளிம்பு, கம்பி நுழையும் துளை, திருகாணிகளின் ஓட்டை, மின்பெருக்கித் தகட்டிலுள்ள குமிழ்களின் இடுக்கு ஆகிய இடங்களில் பெட்டி மூச்சு விடுகிறது. துளைக் குழாய் வேண்டுமென்றே வைத்த வாயில்; இவையோ திருட்டு வாயில்கள். கசிவைக் கண்டறிய எளிய வழியொன்று உண்டு. தாழ்ந்த ஒலி தொடர்ந்து ஒலிக்கும்போது, ஊதுபத்தியின் புகையைப் பெட்டியின் விளிம்போரமாகக் கொண்டு செல்லவேண்டும். கசிவுள்ள இடத்தில் புகை நடுங்கும். சில வேளை ‘உஸ்’ என்ற ஒலியும் கேட்கும். மரவேலைப் பசையை மூலைகளில் உள்ளிருந்து பூசியும், கூம்பின் விளிம்பில் மெல்லிய கடற்பஞ்சு நாடாவை ஒட்டியும் கசிவை நிறுத்தலாம். காயும்போது வினாகிரி மணம் வீசும் சிலிக்கன் பசையை மட்டும் தவிர்த்தல் நன்று. அதிலிருந்து எழும் அமில ஆவி செம்புக் கம்பிகளை அரிக்கும்.

மூன்றாவது, பலகையை உறுதிப்படுத்தல். விரல் மொழியால் பெட்டியின் பக்கத்தைத் தட்டிப் பார்த்தால், நல்ல பெட்டி ‘டொக்’ என்று சுருக்கமாக விடை தரும். மெல்லிய பெட்டி டமாரம் போல நீட்டி முழங்கும். அவ்வாறு முழங்கும் பலகை, கூம்பு செய்யாத இசையைத் தானே செய்கிறது. பலகையின் தடிப்பை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது பொறியியல் விதி. ஆயினும் முழுப் பலகையையும் தடிப்பாக்க வேண்டியதில்லை. ஒரு பக்கப் பலகைக்கும் எதிர்ப்பக்கப் பலகைக்கும் இடையே, இறுக்கமாகப் பொருந்தும் மரக்குச்சி ஒன்றைப் பசை பூசி நிறுத்தினாலே பெரும் மாற்றம் உண்டாகும். அதனைச் சரி நடுவில் நிறுத்தாது சற்று விலக்கி நிறுத்துவது தச்சர் கையாளும் உத்தி. இரு பகுதிகளும் சமமாக இருந்தால் இரண்டும் ஒரே சுருதியில் முழங்கும். சமமின்றேல் ஒன்றுக்கொன்று துணை போகா. குச்சி, கூம்பின் காந்தத்திலோ துளைக் குழாயின் வாயிலிலோ முட்டாதிருத்தல் வேண்டும்.

நான்காவது, பஞ்சு இடுதல். பெட்டியினுள் ஒலி சுவருக்குச் சுவர் மோதி, மெல்லிய கூம்பின் ஊடாகக் காலந்தாழ்த்தி வெளியே வருகிறது. தலையணைகளில் இடும் செயற்கைப் பொலியெஸ்தர்ப் பஞ்சை உட்சுவர்களில் இரண்டு சதமமீற்றர் அளவில் ஒட்டினால், ஆண்குரலில் கேட்கும் பானைக்குள் பேசுவது போன்ற தன்மை குறையும். முற்றிலும் அடைத்த பெட்டியாயின் உள்ளே தளர்வாக நிரப்பவும் செய்யலாம். வளி நெருக்கப்படும்போது பிறக்கும் வெப்பத்தைப் பஞ்சு ஏற்றுக்கொள்வதால், பெட்டி தன் உண்மைக் கனவளவைவிடப் பெரியது போல நடந்துகொள்ளும். கோட்பாட்டின்படி இதன் எல்லை 1.4 மடங்கு; நடைமுறையில் கிடைப்பது அதனினும் குறைவே. துளையுள்ள பெட்டியிலோ, குழாயின் உள்வாயைச் சுற்றிப் பஞ்சு நெருங்கலாகாது. மின்பெருக்கி உள்ள பெட்டியில் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளையும் மின்மாற்றியையும் பஞ்சு மூடலாகாது. நம் நாட்டில் எளிதிற் கிடைக்கும் இலவம்பஞ்சு விரைவில் தீப்பற்றும் இயல்புடையது. அதனை இவ்வேலைக்குக் கொள்ளாதிருத்தலே அறிவுடைமை.

ஐந்தாவது திருத்தம் துளைக் குழாயைப் பற்றியது. கணக்கும் செவியும் சேர்ந்து உழைக்கவேண்டிய இடம் இதுவே. எடுத்துக்காட்டாக, 5 இலீற்றர் கனவளவுள்ள ஒரு பெட்டியில், 3.5 சதமமீற்றர் உள்விட்டமும் 6 சதமமீற்றர் நீளமும் கொண்ட குழாய் இருப்பதாகக் கொள்ளலாம். ஹெல்ம்ஹோல்ட்ஸின் கணக்குப்படி அது செக்கனுக்கு ஏறத்தாழ 80 அதிர்வுகளில் முழங்கும். அதே விட்டமுள்ள குழாயை 12 சதமமீற்றராக நீட்டினால், முழக்கம் 63 அளவிற்கு இறங்கும். நீளம் இருமடங்கானாலும் அதிர்வு பாதியாகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அது நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. குழாயின் வாயோரத்து வளியும் நீளத்தோடு சேர்ந்துகொள்கிறது. தடித்த அட்டையைச் சுருட்டிப் பழைய குழாயினுள் இறுக்கமாகப் பொருத்தி, உட்புறமாக நீளச் செய்து இதனைச் சோதிக்கலாம். சுருளின் தடிப்பினால் உள்விட்டம் சற்றுக் குறையும்; அதனாலும் முழக்கம் தாழும். குழாயின் உள்நுனிக்கும் பின்பலகைக்கும் இடையே, குழாயின் விட்டத்தளவேனும் வெளி இருத்தல் வேண்டும்.

ஆயினும் தாழ்த்துவதெல்லாம் மேம்பாடு என்று எண்ணிவிடலாகாது. கூம்பின் ஆற்றலுக்கு மிஞ்சித் தாழ்த்தினால் முழக்கத்தின் இடம் ஆழமாகும். ஆனால் அங்கே ஒலி போதாது. மேலும் துளையின் முழக்க அதிர்வுக்குக் கீழே, கூம்புக்கு வளியின் தாங்குதல் அற்றுப்போகிறது. அந்நிலையில் தாழ்ந்த ஒலியை உரக்க எழுப்பினால், கூம்பு கட்டுக்கடங்காது துள்ளித் தன் எல்லையில் மோதும். ‘டக் டக்’ என்ற ஓசை கேட்டவுடன் குமிழைத் தணிப்பதே தக்கது. துளையை நீட்டுவதற்கு முன், அதனை ஒரு காலுறையைச் சுருட்டி அடைத்துப் பார்ப்பதும் பயனுள்ள சோதனை. முழக்கம் குறைந்து, அடிகள் தனித்தனியே தெளிவாகக் கேட்குமாயின், அப்பெட்டியின் பழைய ‘பேஸ்’ ஒரே சுருதியில் எழுந்த வெறும் இரைச்சலென்று அறியலாம். வேண்டாமெனில் காலுறையைப் பிடுங்கிவிடலாம், எதுவும் கெட்டுப்போவதில்லை.

கூம்பின்மீது பாரம் ஏற்றி மந்தரத்தைத் தாழ்த்தலாம் என்று சிலர் கூறுவர். இதன் தத்துவம் தமிழர் இசைக்குப் புதிதன்று. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பும் வித்துவான் செய்வதும் அதுவே. தோலின் பாரம் மிகும்போது அதன் அதிர்வு தாழ்கிறது. ஆனால் மிருதங்கத்தை முழக்க வித்துவானின் கை வலிமை இருக்கிறது. கச்சேரி முடிந்ததும் ரவையைச் சுரண்டி எடுத்துவிடவும் முடிகிறது. ஒலிபெருக்கியின் கூம்புக்கு அவ்விரண்டும் இல்லை. அதன் இயல்பு அதிர்வைப் பாதியாக்க அசையும் பாரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். அப்போது ஒலியின் உரப்பு பெரிதும் விழுந்துவிடும். இரும்பு விதி இங்கும் தன் பங்கைக் கேட்டு வாங்குகிறது. மந்தரக் குமிழை முற்றாகத் திருப்புவதும் அத்தகையதே. 10 டெசிபெல் உயர்த்துவதற்குப் பத்து மடங்கு மின்வலு வேண்டும். சிறிய மின்பெருக்கியிடம் அது இல்லாதபோது கிடைப்பது இசையன்று, கரகரப்பே.

திருத்தத்தின் பயனை எவ்வாறு மதிப்பிடுவது? திருத்திய பெட்டியையும் திருத்தாத பெட்டியையும் ஒரே உரப்பில் வைத்துக் கேட்டல் வேண்டும். உரத்து ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றுவது செவியின் பலவீனம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். முதலில் ஆண் அறிவிப்பாளர் ஒருவரின் செய்தியறிக்கையைக் கேட்கலாம். அவர் குரல் இயல்பாயிருந்தால் நன்று. நெஞ்சில் உடுக்கை கட்டியவர் போல முழங்கினால், கிடைத்தது போலி மந்தரம். பின்னர் மிருதங்கத்தையோ தவிலையோ கேட்கலாம். ஒவ்வோர் அடியும் தொடங்கி முடிவது தெரியவேண்டும். அடிக்கு அடி சுருதி வேறுபடுவதும் தெரியவேண்டும். எல்லா அடியும் ஒரே ‘தும்’மாகக் கேட்டால் வேலை முடியவில்லை என்பதே பொருள்.

வீணையின் குடத்தைப் பலாமரத்திற் குடையும் ஆசாரி, மரத்தைத் தட்டித் தட்டிக் கேட்டே அதன் தடிப்பைத் தீர்மானிக்கிறார். தந்தி எத்துணை உயர்ந்ததாயினும் குடம் சரியில்லையேல் நாதம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தொழிற்சாலையில் ஆயிரமாயிரமாய் வார்த்தெடுக்கப்படும் மலிவுப் பெட்டிக்கு அத்தகைய செவியொன்று வாய்ப்பதில்லை. அதனை வாங்கியவரே ஒரு விடுமுறை நாளில் அக்கடமையை ஏற்கலாம். அன்று மாலை கச்சேரி தொடங்கும்போது, அச்சிறு பெட்டி பெரிய முரசமாய் மாறியிராது. கசிந்த வளி அடங்கி, நடுங்கிய பலகை ஓய்ந்து, தொப்பியின் கும்கி மெல்லியதாயினும் உண்மையாய் எழும். அப்போதுதான் வித்துவானின் மற்றக் கையும் வீட்டுக்குள் வந்து சேரும்.